மெஷின்களுக்கு வேறு இடம்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பனகல் பூங்கா பக்கம் முழங்கால் அளவு தண்ணீர். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஆபீஸ். சர்வர் ரூம் ஏ.சி. மறுபடி ஒழுகுகிறது. அடியில் பக்கெட். மெக்கானிக் "நாளைக்கு வரேன்மா" என்றார். இப்படிச் சொல்வது இது மூன்றாம் முறை.

பதினொரு மணிக்கு டாக்டர் வசந்தா மேடம் கூப்பிட்டார். ஸ்கேன் சென்டர் முதலாளி கீழே இறங்கி வராமல் மேலே கூப்பிட்டால் ஏதோ பெரிய விஷயம்.

"உஷா, பில்டிங்காரர் இடிச்சுக் கட்டப் போறாராம். ஜனவரிக்குள்ள காலி பண்ணணும். ஸ்கேன் மிஷினெல்லாம் புது இடத்துக்குப் போயிடும். உன்னோட அந்த ரூம் எங்க போறது?"

என்னோட ரூம். அப்படித்தான் சொன்னார்.

"எல்லாரும் க்ளவுடுக்குப் போன்னு சொல்றா. எங்காத்து மாப்பிள்ளை என்னமோ நம்ம மிஷினையே கொண்டுபோய் டேட்டா சென்டர்ல வாடகைக்கு வெக்கலாம்கறார். எனக்கு ஒண்ணும் புரியல. நீ பார்த்து எழுதிக் குடு. ரெண்டு வாரம்."

சரி என்றேன். வேறென்ன சொல்ல.

தி.நகர், மயிலாப்பூர், அடையார், மூன்று கிளைக்கும் படங்கள் இந்த அறையிலிருந்துதான் போகின்றன. பதினேழு வருடம். பீரோ உயரத்துக்கு நான்கு மெஷின், ஒரு நாற்காலி, ஒரு சாவி. சாவி என்னிடம் மட்டும்.

வாங்க வேண்டியது: குடை, ரவை, கொசுவத்தி.

நவம்பர் 6, வியாழன்

டேட்டா சென்டர் பார்க்கப் போனேன். சோழிங்கநல்லூர் தாண்டி. ஆபீஸ் டிரைவர் மணி வண்டி. வழியில் விளக்கம் கேட்டார், சொன்னேன். க்ளவுட் என்றால் டாக்ஸி மாதிரி, வண்டி அவர்களுடையது, ஓடுகிற வரைக்கும் வாடகை. இன்னொன்று, நம் சொந்த வண்டியை இன்னொருவர் ஷெட்டில் நிறுத்துவது, கரண்டும் காவலும் அவர்கள் பொறுப்பு, ரிப்பேர் நம் பொறுப்பு.

"சொந்த வண்டின்னா டிரைவர் வேணும். டாக்ஸின்னா டிரைவர் வேணாம். அதானே மேடம்?"

ஜன்னலை ஏற்றினேன், சாரல்.

உள்ளே போக மூன்று கதவு, இரண்டு கைரேகை. கம்பிக் கூண்டுகளுக்குள் மெஷின்கள். எத்தனை ஏ.சி., எத்தனை ஜெனரேட்டர்! ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. கூடவே வந்தவர் பெருமையாகச் சொன்னார்: "நீங்க வரவே வேண்டாம் மேடம். போன் பண்ணி எந்த பட்டனை அமுக்கணும்னு சொன்னா எங்க ஆள் அமுக்குவார்."

"வரணும்னா வரலாமா?"

"தாராளமா. ஆனா யாரும் வர்றதில்ல."

மணி வெளியே வந்ததும் பெருமூச்சு விட்டார். "இன்னா மேடம், சொம்மா ஜெயிலு மாரி கீது." எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. சொல்லவில்லை.

இரவு தோசை. மாவு லேசாகப் புளித்துவிட்டது. அம்மா இருந்தவரை அரைப்படி மாவு இரண்டு நாளில் தீரும்.

நவம்பர் 8, சனி

க்ளவுட் கம்பெனிப் பெண்ணுடன் வீடியோ கால். நல்ல பெண். சிரித்த முகம்.

"உங்க டீம்ல எத்தனை பேர் மேடம்?"

"நான்தான்."

"இல்ல, மொத்தமா?"

"மொத்தமாவே நான்தான்."

ஏதோ டைப் செய்துகொண்டாள். "அப்ப க்ளவுட் உங்களுக்கு ரொம்ப ஈஸி மேடம். நைட்ல எழுந்து ஓட வேண்டாம், லீவ் போடலாம்." எங்கே போவது என்று கேட்கத் தோன்றியது. சிரித்துவைத்தேன்.

மதியம் குறிப்பு எழுத உட்கார்ந்தேன்.

க்ளவுட்: மெஷின் கெட்டால் அவர்கள் கவலை. இடம் போதாது என்ற பேச்சே இல்லை. ஆனால் பழைய படங்களை அடிக்கடி இழுத்தால் பில் ஏறும். நெட் போனால் கிளை நிற்கும்.

டேட்டா சென்டர்: மெஷின் நம்முடையது, இன்னும் மூன்று வருடம் ஓடும். செலவு மாதாமாதம் ஒரே மாதிரி. நெட் போனால் இங்கும் அதே கதி. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

கடைசி வரியை அடித்துவிட்டேன். "தேர்ந்த ஆள் ஏற்கெனவே இருக்கிறார்" என்று மாற்றினேன். முடிவு: டேட்டா சென்டர். எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. இரண்டு தடவை படித்தேன். பொய் இல்லைதான்.

ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வேறு எங்கே வேலை கொடுப்பார்கள்? அந்த அறையை விட்டால் நாள் முழுக்க என் பெயரைச் சொல்லிக் கூப்பிட யார் இருக்கிறார்கள்?

மேற்கு மாம்பலம் கடையில் கேழ்வரகு மாவு வாங்கினேன். ரவை மறந்தாயிற்று.

நவம்பர் 10, திங்கள்

காய்ச்சல். ஆபீசுக்கு மெசேஜ், இரண்டு நாள் லீவ். உடம்பு அடித்துப் போட்டது மாதிரி. மழை விடவில்லை. கரண்ட் இல்லை.

கண் வலி. போதும்.

நவம்பர் 16, ஞாயிறு

நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு. டெங்கு. நினைவிருக்கிற வரை எழுதிவைக்கிறேன்.

திங்கள் மதியமே போனில் சார்ஜ் தீர்ந்தது. கரண்ட் வந்த பிறகும் எழுந்து சார்ஜரில் போடவில்லை. தண்ணீர் குடித்தது ஞாபகம் இருக்கிறது. செவ்வாய் எப்படிப் போனது என்று தெரியாது.

புதன் காலை சர்வர் ரூம் ஏ.சி. முழுதாக நின்றிருக்கிறது. சூடேறி மெஷின்கள் தாமாக அணைந்துவிட்டன. மூன்று கிளையிலும் படம் வரவில்லை. எனக்கு அடித்துப் பார்த்தால் ஸ்விட்ச் ஆஃப். சாவி என்னிடம். பாஸ்வேர்ட் என்னிடம். வசந்தா மேடம் டிரைவர் மணியை என் வீட்டுக்கு விரட்டினார்: "சாவியை வாங்கிண்டு ஓடி வா."

கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் இரண்டாவது மாடி ஏறி வந்து மணி தட்டுகிறார். என் காதில் விழுகிறது, வாயில் குரல் இல்லை. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஸ்டெல்லா அக்கா. சாயங்காலம் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவர். ஆறு வருடமாக எதிரெதிர் வீடு, பேசியது தண்ணீர் லாரியைப் பற்றி மட்டும்.

"உள்ளதான் கீது நைனா. செருப்பு வெளிய கீது பாரு. நானும் ரெண்டு நாளா பாக்கறேன், கதவே தொறக்கல. ஊருக்குப் பூட்ச்சோன்னு நெனச்சேன்."

பிறகு கதவுக்கு மிக அருகில் அவர் குரல்: "ஏ உஷா! எயுந்து வந்து தாப்பாள மட்டும் தொற. மீதிய நாங்க பாத்துக்கறோம்."

என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. தவழ்ந்துதான் போனேன். எவ்வளவு நேரம் ஆனதோ. தாழ்ப்பாள் திறந்தது.

மணி பாவம், வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்ததைச் சொல்லிவிட்டார். "மேடம், சாவி..." அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"சாவியாம் சாவி! மொதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கு!" ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்தார். அவர் விரல்கள் சில்லென்று இருந்தன. இல்லை, நான்தான் கொதித்தேன்.

காரில் போகும்போது சாவியைக் கொடுத்துப் பாஸ்வேர்டும் சொன்னேன். மணி சிக்னலில் நிறுத்தி உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். அறைக் கதவைத் திறந்து ஃபேன் வைத்து மதியத்துக்குள் மெஷின்களை ஓடவிட்டார்களாம்.

ஆனால் அடையார் கிளையில் ஸ்கேன் எடுத்த ஒரு பெண்ணுக்கு அன்று காலை ஆபரேஷன். பழைய ஸ்கேனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று சர்ஜன் காத்திருந்தாராம். படம் நேரத்துக்குப் போகவில்லை, ஆபரேஷன் தள்ளிப்போனது. அந்தப் பெண் காலையிலிருந்து பட்டினி கிடந்ததாக அடையார் கிளை நர்ஸ் சொன்னார். இப்போது நன்றாக இருக்கிறாராம். பெயர் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து தம்பி போன். ஞாயிறு சாயங்காலம் எப்போதும் பேசுவான். "ஏங்க்கா சொல்லல?" என்று அழுதான். நான் அழவில்லை.

ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் க்ளவுடில் இருந்திருந்தால் புதன்கிழமை எதுவும் நின்றிருக்காது. அந்தப் பெண் பட்டினி கிடந்திருக்க மாட்டாள். என் கதவையும் யாரும் தட்டியிருக்க மாட்டார்கள். தம்பி கூப்பிடுவது ஞாயிறு. ஞாயிறு வரை தாங்கியிருக்காது என்று ஆஸ்பத்திரி டாக்டர் வெளிப்படையாகவே சொன்னார்.

இரண்டும் உண்மை. எதை எங்கே எழுதுவது?

நவம்பர் 18, செவ்வாய்

ஆபீஸ். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மெக்கானிக் புது ஏ.சி. போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அறை ஜில்லென்று. பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பழைய குறிப்பைக் கிழித்தேன். புதிது, ஒரே பக்கம். டேட்டா சென்டரில் ஏ.சி. நிற்காது, ஆனால் எந்தப் பட்டனை அமுக்குவது என்று சொல்ல நான் வேண்டும். நான் ஒருத்தி. படுத்துவிட்டால் மூன்று கிளையும் படுத்துவிடும். ஆகவே க்ளவுட். நெட் போனால் சமாளிக்க சமீபத்துப் படங்களின் நகல் ஒவ்வொரு கிளையிலும். பாஸ்வேர்டுகள் குறைந்தது இரண்டு பேரிடம்.

டாக்டர் மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டு மெதுவாகப் படித்தார்.

"அப்ப இங்க உனக்கு என்ன வேலை உஷா?"

"எல்லாத்தையும் மாத்தி முடிக்க ஆறு மாசம் ஆகும் மேடம். அப்புறம் தெரியல."

"அதை இதுல எழுதலியே."

"நீங்க கேட்டது மெஷினைப் பத்தி மேடம்."

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பேனா எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "ஆறு மாசம் கழிச்சுப் பேசலாம். உடம்பைப் பார்த்துக்கோ. ஆத்துல தனியா வேற இருக்க."

ஆறுதலா, நோட்டீஸா? தெரியவில்லை. அவருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

நவம்பர் 22, சனி

படங்களை ஏற்றும் வேலை தொடங்கியாயிற்று. மிகப் பழையதிலிருந்து. நாள் முழுக்க எண்கள் நகர்வதைப் பார்த்துக்கொண்டு.

பாலத்தடியில் பூட்டுக்காரரிடம் வீட்டுச் சாவிக்கு டூப்ளிகேட். பத்தே நிமிடம். பதினேழு வருடம் சர்வர் ரூமுக்குப் போடாத ஒன்று.

ஸ்டெல்லா அக்கா கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். நீட்டினேன்.

"இன்னாத்துக்கு?"

"சும்மா. உங்ககிட்ட ஒண்ணு இருக்கட்டும்க்கா."

ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தாப்பாள் போட்டுக்கினா இது இன்னாத்துக்கு ஒதவும்? பூட்டு மட்டும் போட்டுக்கோ. காலீல எட்டு மணிக்குள்ள உன் கதவு தொறக்கலன்னா நான் தொறந்துருவேன். அப்பால என்னாண்ட கத்தக் கூடாது."

கத்த மாட்டேன் என்றேன். வஞ்சிரம் ஒரு துண்டு கொடுத்தார். நான் மீன் சாப்பிடுவதில்லை. வாங்கிக்கொண்டேன். எதிர்ச் சந்துப் பூனைக்கு நல்ல நாள்.

நவம்பர் 24, திங்கள்

மழை இல்லை. ஏழரைக்கே விழிப்பு. உடம்புக்கு ஒன்றுமில்லை. தாழ்ப்பாள் போடவில்லை. எழுந்திருக்கலாம், எழவில்லை. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். எட்டு. எட்டு ஐந்து. எதிர்வீட்டுக் கதவு திறக்கிற சத்தம். பூட்டில் சாவி