படித்தேன், சரி

துனிஸ்
ஜனவரி 15, 2024

மதிப்பிற்குரிய திரு. லம்ஜெத் க்மீரி அவர்களுக்கு,

நலம். தங்கள் நலமும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

தாங்கள் தொடங்கிய ‘தாபூர்’ என்னும் வரிசை எண் மென்பொருளை முப்பத்தொரு அரசு சுகாதார நிலையங்களில் நிறுவ எங்கள் நிறுவனம் ஒப்பந்தம் எடுத்திருக்கிறது. தொலைபேசியில் முன்பதிவு செய்யும் வசதி மட்டும் அதில் இல்லை. அதைச் செய்ய என்னிடம் ஆறு பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஏப்ரல் முடிவதற்குள் அது தாபூரில் சேர்ந்தாக வேண்டும். சேராவிட்டால் ஆறு பேர் அணியையும் கலைத்துவிடுவதாக எங்கள் இயக்குநர் சொல்லிவிட்டார்.

உங்கள் ஆட்கள் பதினோரு பேரில் யார் எதை, எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று பிரித்து அட்டவணை இணைத்திருக்கிறேன். ஒப்புதல் அனுப்பவும்.

இப்படிக்கு,
ஃபதீலா ஸுவாரி
திட்ட மேலாளர்


ஜெந்தூபா
ஜனவரி 17

அன்புள்ள ஃபதீலா மேடம்,

அட்டவணை அழகாக இருந்தது. வண்ணம்கூடத் தீட்டியிருக்கிறீர்கள். ஒரே ஒரு குறை, அந்தப் பதினோரு பேரும் என் ஆட்கள் இல்லை. தாபூர் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தது, மனசு உள்ளவர்கள் சம்பளமில்லாமல் எழுதுகிறார்கள். நான் இங்கே ஆஸ்பத்திரியில் பதிவேட்டு அறை குமாஸ்தா. அவர்களில் ஒருத்தி, அம்மான் நகரில் இருக்கிற ருலா, ஒரு நர்ஸ். வெள்ளிக்கிழமை விடுமுறையில், மனசு வந்தால் தாபூருக்கு ஏதாவது செய்வாள். பிப்ரவரி 9-க்குள் அவள் இரண்டு வேலை முடிக்க வேண்டும் என்று போட்டிருக்கிறீர்கள். “யாருப்பா இந்தம்மா? எங்க வீட்டுக்காரரே எனக்குத் தேதி குறிச்சதில்லையே” என்று கேட்டாள்.

இங்கே நடைமுறை இவ்வளவுதான். மென்பொருளில் மாற்றம் எழுதியவர் அதை எங்கள் இணையப் பொதுமன்றத்தில், எல்லாரும் பார்க்கும்படி பொதுவில் வைப்பார். ஒரு வாரம் அது அங்கேயே கிடக்கும். குறைந்தது இரண்டு பேர் அதை வரி வரியாகப் பார்த்து ‘படித்தேன், சரி’ என்று எழுத வேண்டும். ஆட்சேபம் வந்தால் பேசித் தீர்க்க வேண்டும். மேலாளர் என்று யாரும் கிடையாது.

உங்கள் ஆறு பேரும் தாராளமாக வரட்டும். சந்தேகம் இருந்தால் நீங்கள் எனக்கு எழுதுங்கள். எனக்குக் கடிதம் பிடிக்கும்.

அன்புடன்,
லம்ஜெத்


துனிஸ்
பிப்ரவரி 6

அன்புள்ள லம்ஜெத்,

மூன்று வாரமாக உங்கள் பொதுமன்றத்தை வேவு பார்க்கிறேன். யார் சொல்லி யார் செய்கிறார்கள் என்று ஒன்றும் பிடிபடவில்லை.

திரையில் வரும் ஒரு வாக்கியத்துக்காக மூன்று பேர் நாலு நாள் மல்லுக்கட்டினீர்கள். ‘காத்திருக்கவும்’ என்று போடுவதா, ‘உங்கள் முறை வரும்’ என்று போடுவதா. என்னிடம் வந்திருந்தால் அரை நிமிஷத்தில் முடித்து அனுப்பியிருப்பேன். கடைசியில் ‘உங்களுக்கு முன்னால் ஏழு பேர்’ என்று எண்ணிக்கை காட்டலாம் என முடிவானது. நான் எடுத்திருக்கக்கூடிய முடிவைவிட அது நன்றாக இருந்தது. எனக்கு அன்று முழுக்க எரிச்சல்.

என் இயக்குநரோ, “நாப்பது பேரை மேய்ச்சவங்க நீங்க. சம்பளம் வாங்காத பதினோரு பேரைச் சமாளிக்க முடியலையா?” என்கிறார். சம்பளம் வாங்கினால்தானே சமாளிக்கலாம் என்று சொல்ல வாய் வரை வந்தது.

கோபிக்காமல் ஒன்று சொல்லுங்கள். நீங்கள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்?

அன்புடன்,
ஃபதீலா


ஜெந்தூபா
பிப்ரவரி 11

அன்புள்ள ஃபதீலா அக்காவுக்கு,

வயதில் மூத்தவர், அக்கா என்றே எழுதுகிறேன்.

போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரியில் எண் இயந்திரம் அரை மணி நேரம் நின்றுபோனது. மலைப்பக்கத்திலிருந்து வந்த ஒரு மனிதர் நேரே என் அறைக்கு வந்து சட்டைக் காலரைப் பிடித்தார். “நம்பர் வரலன்னா நோவும் வராதாடா?” என்றார். அவருக்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டியவன் என்று நினைக்கிறேன். அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை, உளறினேன்.

உங்கள் ஆறு பேரில் அர்வா நன்றாகக் கேள்வி கேட்கிறாள். மற்ற ஐந்து பேரும் உங்களைக் கேட்டுக்கொண்டுதான் வாயைத் திறக்கிறார்கள் போலிருக்கிறது.

அன்புடன்,
லம்ஜெத்


ஜெந்தூபா
மார்ச் 21

திருமதி ஃபதீலா ஸுவாரி அவர்களுக்கு,

திங்கட்கிழமை உங்கள் முன்பதிவு மாற்றம் பொதுவில் வந்தது. இரண்டாயிரம் வரி. அன்று பகல் ஒன்று ஐம்பதுக்கு, நோன்புகால அலுவலகம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது, உங்கள் ஆறு பேரும் நாலு நிமிஷத்துக்குள் வரிசையாக ‘படித்தேன், சரி’ என்று எழுதினார்கள். நாலு நிமிஷத்தில் நோன்பு திறக்க இரண்டு பிரிக் பலகாரம் பொரித்து எடுக்கலாம். இரண்டாயிரம் வரி படிக்க முடியாது.

நேற்று அர்வா எழுதியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ‘என் சரியைத் திரும்பப் பெறுகிறேன். படிக்காமல் சொன்னேன், சொல்லச் சொன்னார்கள். இப்போது படித்துவிட்டேன். போனில் பதிவு செய்தவர்கள் எல்லாரும் தீர்ந்த பிறகுதான் நேரில் வந்தவர்களை இது கூப்பிடுகிறது. விடியுமுன் பஸ் ஏறி வருகிறவர்கள் மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு ஆட்சேபம்.’

மற்ற ஐந்து சரியையும் நாங்கள் எடுத்துக்கொள்ளப்போவதில்லை. எனக்கு வருத்தமாக இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது. ருலாவிடம் உங்களைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லி வைத்திருந்தேன்.

லம்ஜெத் க்மீரி


துனிஸ்
மார்ச் 25

தம்பி லம்ஜெத்துக்கு,

ஆமாம், நான்தான் சொன்னேன். மறைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒப்புதல் என்றால் எனக்கு அதுதான். மேலேயிருந்து தாள் வரும், கீழே கையெழுத்து விழும். படித்துப் பார்த்துக் கையெழுத்து போடுகிறவன்மேல்தான் எங்கள் கட்டடத்தில் சந்தேகம் வரும். நான் ஒரு தப்பு செய்கிறேன் என்றே அன்று எனக்குத் தோன்றவில்லை. தேதியைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் இருந்தேன்.

அர்வாவை அறைக்குக் கூப்பிட்டுக் கத்தினேன். அவள் அழவில்லை. “மேடம், நீங்க கேட்டது கையெழுத்து. அவங்க கேக்கறது படிச்சியான்னு. நான் படிச்சேன்னு பொய் எழுதிட்டேன். என் பேர்ல அது அப்படியே நிக்குது” என்றாள். இயக்குநர் அவளை வேலையைவிட்டு எடுக்கச் சொன்னார். முடியாது என்றேன்.

இப்போது அவர் வேறு வழி சொல்கிறார். “அது தொறந்துதானே கெடக்கு? மொத்தத்தையும் பிரதி எடுத்துக்கிட்டு, நம்ம மாத்தத்தைச் சேர்த்து, தனியா போயிடுங்க. எவன் கேப்பான்?” அப்படிச் செய்தால் ஏப்ரலில் முடிந்துவிடும். ஆறு பேரும் பிழைத்துக்கொள்வார்கள். உண்மையாகவே அப்படிச் செய்யலாமா?

ஃபதீலா


ஜெந்தூபா
மார்ச் 27

ஃபதீலா அக்காவுக்கு,

செய்யலாம். எங்களைக் கேட்கக்கூட வேண்டியதில்லை. பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். நான் குறுக்கே வரமாட்டேன், உங்களைப் பற்றித் தப்பாகவும் பேசமாட்டேன். ஆறு பேர் வேலை என்பது சின்ன விஷயமில்லை. வெளியிலிருந்துகொண்டு வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஆனால் அர்வா சொன்ன பிழை அந்தப் பிரதியோடு சேர்ந்தே வரும்.

அர்வாவைக் காப்பாற்றினீர்களே, அதற்காக ருலா உங்களுக்கு ஸலாம் சொல்லச் சொன்னாள்.

லம்ஜெத்


துனிஸ்
ஜூன் 4

அன்புத் தம்பி லம்ஜெத்துக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. பொதுமன்றத்தில் பாதி தெரிந்திருக்கும், மீதியைச் சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த மறுவாரம் அர்வாவைக் கூட்டிக்கொண்டு மனூபா சுகாதார நிலையத்துக்குப் போனேன். காலை ஆறு மணிக்கே, வரிசையில் இடம்பிடிக்க நோயாளிகள் வைத்த மருத்துவக் கையேடுகள் ஜன்னல் பலகையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த கையேடு, அதாவது முதல் ஆளாக வந்தவருடையது, கால் வீங்கிய ஒரு பெண்ணுடையது. முன்கூட்டியே தேதி வாங்கியிருந்தவர்களைப் போனில் பதிந்தவர்களாக வைத்து, அன்றைய பட்டியலை எங்கள் முறைப்படி தாளில் போட்டுப் பார்த்தோம். அவளுக்கு நாற்பத்தொன்றாம் எண் வந்தது. நான் இன்னொரு தரம் கூட்டிப் பார்த்தேன், நாற்பத்தொன்றுதான்.

பிரதி எடுக்க மாட்டேன் என்று இயக்குநரிடம் சொன்னேன். ஆறு பேரையும் உட்காரவைத்து, முதல் தடவையாக, என்ன செய்யலாம் என்று கேட்டேன். முதல் நாள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பெருநாள் கழிந்து வந்த பிறகுதான் பேச்சு வந்தது. போனில் ஒருவர், நேரில் ஒருவர் என்று மாற்றி மாற்றிக் கூப்பிடலாம் என்று முடிவாகி எழுதினார்கள். நீங்களும் ருலாவும் மே 9 அன்று ‘படித்தேன், சரி’ என்று எழுதினீர்கள். அணியை மே 2-ஆம் தேதியே கலைத்துவிட்டார்கள். இரண்டு பேருக்கு வேறு பிரிவு கிடைத்தது. மூன்று பேர் இன்னும் தேடுகிறார்கள். அர்வா ஸூஸ் நகரில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள், ஆனால் தாபூரை விடவில்லை. என்னைக் கொள்முதல் பிரிவில் போட்டிருக்கிறார்கள். நாற்காலியும் அச்சு மையும் வாங்குகிறேன்.

முப்பத்தொரு நிலையங்களின் ஒப்பந்தமும் எங்கள் போட்டி நிறுவனத்துக்குப் போய்விட்டது. அவர்களும் தாபூரைத்தான் நிறுவுகிறார்கள், என் ஆறு பேர் எழுதிய மாற்றத்தோடு. கேள்விப்பட்ட அன்று வீட்டில் தனியாகச் சிரித்தேன். என் கணவர் பயந்துபோய் “என்ன ஆச்சு உனக்கு?” என்றார்.

மனூபாவில் இன்னொன்றும் கவனித்திருந்தேன். எண்ணைக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அந்த எண் போனது போனதுதான். மூன்று பேர் கழித்து மறுபடி கூப்பிடும்படி நானே நாற்பது வரி எழுதினேன். பதினெட்டு வருஷமாயிற்று நிரல் எழுதி. போன வெள்ளிக்கிழமை பொதுவில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அர்வா அதைத் திருப்பிவிட்டாள். மூன்று குறை எழுதியிருக்கிறாள். முதல் இரண்டும் சரி, எனக்கே வெட்கமாகப் போய்விட்டது, திருத்திவிட்டேன். மூன்றாவதில் அவள் பிசகுகிறாள். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போனவர் திரும்பிவர நேரமாகும், ஐந்து பேர் கழித்துக் கூப்பிடுங்கள் என்கிறாள். ஐந்து என்றால் அதற்குள் டாக்டர் எழுந்து போய்விடுவார். அதை எல்லாரும் படிக்கிற இடத்திலேயே அவளுக்கு எழுதிவிட்டேன், ‘மேடம்’ என்று ஆரம்பிக்காதே என்றும் சேர்த்து.

நேற்றுக் காலையிலிருந்து ஆறு தரம் திறந்து பார்த்தாகிவிட்டது. அவள் இன்னும் பதில் போடவில்லை. எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களின் பதிலுக்காக நான் இப்படிக் காத்துக்கொண்டு உட்கார்ந்ததே இல்லை. நீங்கள் நடுவில் புகுந்து அவளிடம் ஒன்றும் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
ஃபதீலா