இடது காது

ஜூலை 3, வியாழன்
மில் டைம் ஆபீஸ் பலகையில் புது நோட்டீஸ். தகப்பனாகும் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு ஐந்து நாள் லீவாம், பிள்ளையின் பரிசோதனைகளுக்கும் எடுக்கலாமாம். கூட வேலை செய்யும் அன்புசெல்வன் சத்தமாகப் படித்துவிட்டு, "இன்னாடா ரிஜ்வான், நீயா பெக்கப் போற?" என்றான். ஷிப்டே சிரித்தது. நானும் சிரித்தேன். "நமக்கு எதுக்குடா அதெல்லாம்?" வாய்க்கொழுப்பு.

ஜூலை 9, புதன்
பெண் குழந்தை! போன் வந்தபோது மில்லில் இருந்தேன். புள்ள பொறந்திருக்கு என்று சொல்ல நாக்கு எழவில்லை. "மாமனார் தவறிட்டாரு சார்" என்றேன். சூப்பர்வைசர் தோளைத் தட்டி இரண்டு நாள் கொடுத்தார்.

பொன்னேரி ஆஸ்பத்திரி வாசலில் அவரே நின்றார், என் மனைவி அஃப்ஸானாவின் வாப்பா, கமால் மாமா. "வலது காதுல பாங்கு சொல்லிட்டேன். இடது காது இகாமத்து உனக்குன்னு வச்சிருக்கேன், போ." ஒரு மணி நேரம் முன்னால் நான் வாயால் சாகடித்த மனுஷன். பிறந்த பிள்ளை காதில் முதலில் விழவேண்டிய தொழுகை அழைப்பு; பிள்ளையிடம் குனிந்தேன், பொய் சொன்ன வாய் திறக்கவில்லை. நாளைக்கு ஆகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 11
காதுப் பரிசோதனை. வலது சரி. இடது காதில் பதில் இல்லை. "பயப்படாதீங்க, நெறைய கொழந்தைக்கு இப்டி வரும். ஆனா இருபத்தஞ்சாம் தேதி கண்டிப்பா கூட்டினு வாங்க" என்றார் நர்ஸ்.

நான் இகாமத்து சொல்லாத காது.

ஜூலை 14
துக்கவீட்டுக்காரன் என்று அன்புசெல்வன் டீ வாங்கித் தந்தான். அதையும் வாங்கிக் குடித்தேன்.

ஜூலை 24
நாளைக்கு டெஸ்ட். லீவு கேட்க இனி யாரைச் சாகடிப்பேன்? "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றேன். அஃப்ஸானா அழுதாள். "காது கேக்காத போச்சுன்னா யார்கிட்ட லீவு கேப்பீங்க?"

தூ! நானெல்லாம் ஒரு தகப்பன்.

ஜூலை 25
தாயையும் பிள்ளையையும் ஆட்டோவில் வைத்துக்கொண்டு மாமா மில் கேட்டுக்கே வந்துவிட்டார். வாட்ச்மேன் கூப்பிட்டார்: "ரிஜ்வான், உன் மாமனாராம்!" சூப்பர்வைசர் என்னையே பார்த்தார்.

"டேய், ஒம்பதாம் தேதி செத்துட்டாருன்னு லீவு எடுத்தியே?" - அன்புசெல்வன்.

மாமா அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "ஏம்பா, புள்ள பொறந்துச்சுன்னு சொல்ல வெக்கம், நான் செத்துட்டேன்னு சொல்ல வெக்கமில்லியா? சரி, செத்தவனே வந்து கூப்புடுறேன். ஏறு."

ஒருத்தனும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

டெஸ்டில் இன்றைக்கும் இடது காதில் பதில் வரவில்லை.

ஜூலை 28, திங்கள்
பொய்க்கு மெமோ. அந்த இரண்டு நாள் சம்பளம் பிடித்தம். நியாயம்தான். லீவு ஃபாரத்தில் காரணம் என்ற இடத்தில் "மகளின் காதுப் பரிசோதனை" என்று எழுதினேன். சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டார். நாளைக்குச் சென்னையில் பெரிய டெஸ்ட்.

வீட்டுக்கு வந்து கை, முகம், கால் கழுவி ஒளு செய்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் காதில் இகாமத்து சொன்னேன். பத்தொன்பது நாள் கழித்து. கேட்டதா என்று தெரியவில்லை.

இன்னொரு தடவை, தெருவுக்கே கேட்கிறாற்போல் சொன்னேன்.