குதிகால் வெடிப்பும் ஒரு முக்காலியும்

ஜூலை 6

ஜவுளிக்கடை வாட்ஸ்அப் குழுவில் மேலாளர் சாம்ராஜ் அண்ணாச்சியின் வைத்தியக் குறிப்பு: குதிகால் வெடிப்புக்கு விளக்கெண்ணெயில் மெழுகை உருக்கிப் பூசவும். காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை எங்களை வெறுங்காலோடு நிற்க வைப்பவர் அவர்தான். பதினேழு பேர் கைகூப்பும் படம் போட்டிருக்கிறார்கள். நானும்தான்.

ஜூலை 12

சும்மா சொல்லக்கூடாது, வெடிப்பு மூடிவிட்டது. உப்புப் போட்ட வெந்நீரில் கால் வைத்தால் வலியும் போகிறது. மறுநாள் நின்றதும் திரும்பி வருகிறது.

ஜூலை 14

உட்கார முக்காலி கேட்டேன். சட்டமே இருக்கிறது என்றேன். அண்ணாச்சி சிரித்தார்.

"ஆடிச்சுத்துன்னா கோயில்ல நூத்தியெட்டு சுத்து சுத்துதீய. இங்கன சும்மா நிக்கதுக்குக் கால் வலிக்கோ?"

அம்மன் சம்பளத்தைப் பிடிப்பதில்லை என்று சொல்லியிருக்கலாம். சேலை மடிக்கப் போய்விட்டேன்.

ஜூலை 15

சேலைப் பிரிவில் என்னோடு நிற்கும் பொன்மணி அக்காவுக்குப் பாதம் மரத்துப்போகிறதாம். ஆறு வருஷமாகச் சர்க்கரை. அவள் ஊருக்குப் போகும் கரிவலம் பஸ்சுக்கு நேரம் இருந்தது. வீட்டுக்குக் கூட்டிவந்து நானே வெந்நீர் வைத்தேன்.

"சூடே இல்லட்டி, இன்னும் ஊத்து."

ஊற்றினேன்.

ஜூலை 16

அக்காவின் கால்விரலில் கொப்புளம். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அப்பியிருக்கிறாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்க்கா."

"ஆடித் தள்ளுபடில லீவு போட்டா சீட்டைக் கிழிச்சிருவாவ. வலியே இல்லட்டி, விடு."

நேற்று நான் ஏன் தண்ணீரில் கையை விட்டுப் பார்க்கவில்லை?

ஜூலை 27

சேலைப் பிரிவில் நாற்றம். அண்ணாச்சி சாம்பிராணி போடச் சொன்னார்.

ஜூலை 28

அக்காவை இழுத்துக்கொண்டு போனேன். கவர்மென்ட் ஆஸ்பத்திரி டாக்டரம்மா மஞ்சளைக் கழுவிவிட்டு விரலைப் பார்த்தார். "வலிக்கலன்னுதான் பயந்திருக்கணும். விரலை எடுக்கணும். யாரு வெந்நி வச்சது?"

நான்தான். எனக்குச் சுகம் தந்த அதே தண்ணீர். இத்தனை நாள் அண்ணாச்சியை மட்டும் திட்டிக்கொண்டிருந்தேனே — நான் யாராம்?

ஆகஸ்ட் 20

முக்காலி வந்துவிட்டது! தொழிலாளர் ஆய்வாளர் வந்தார், பார்த்தார், போனார். அவர் போனதும் பட்டுச்சேலை கட்டிய பொம்மையை அதன்மேல் ஏற்றிவிட்டார்கள்.

செப்டம்பர் 15

அக்கா ஒன்பது கால்விரலோடு வேலைக்கு வந்தாள். பொம்மையைத் தூக்கித் தரையில் நிறுத்தினேன்.

"உக்காருக்கா."

"ஏட்டி, அண்ணாச்சி பாக்காவ."

"பாக்கட்டும்."

பார்த்தார். அக்காவின் காலையும் பார்த்தார். கல்லாப் பக்கம் போய்விட்டார்.

மதியம் குழுவில் மூட்டுவலிக்கு முடக்கத்தான் கஷாயம் வந்தது. ராத்திரி வரைக்கும் ஒருத்தரும் கைகூப்பவில்லை.