நட்சத்திரக் குறி போட்ட வரி

ஜூஜுவாடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சுஜாதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகமாக இருக்க மலைமேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரர் துணை நிற்கட்டும். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய், நீ எப்போதும் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாய், மாப்பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறார், இது நீ மட்டும் முதலில் படிக்க வேண்டிய விஷயம். எங்கள் கம்பெனி சின்னராஜ் மெஷின் வேலையாக நாளை ஜெர்மனி வருகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

உன் மாமனார் போய் மூன்று மாதம் ஆகிறது. உனக்குச் சொல்லாத ஒன்று என் நெஞ்சில் கிடக்கிறது. வைகாசியில் எங்கள் கம்பெனியில் ரத்தப் பரிசோதனை நடந்தபோது உறவுக்காரர் ஒருவரையும் கூட்டி வரலாம் என்றார்கள், நான் சம்பந்தியைத் தளியிலிருந்து வரவழைத்தேன். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினோம், எனக்கு மொத்தக் கொழுப்பு இருநூற்றுப் பதினெட்டு, அவருக்கு நூற்று அறுபத்திரண்டு. அவருக்கு ஒரே சிரிப்பு. "என்னங்க சம்பந்தி, இனிமே நீங்க எண்ணெய்ச் சட்டி பக்கமே போகக்கூடாது, எனக்கு ஒண்ணுமில்லை பாருங்க" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார், பக்கத்தில் இருந்தவரிடம் கன்னடத்திலும் சொன்னார். அவர் தாளை நான்தான் வாங்கிப் பார்த்தேன். கீழே ஹெச்.டி.எல் என்ற வரியில் இருபத்து நான்கு என்று போட்டு ஒரு நட்சத்திரக் குறி, அடியில் டாக்டரைப் பார்க்கவும் என்று ஒரு வரி. எனக்கு அந்த இடத்தில் ஐம்பத்திரண்டு, குறி எதுவும் இல்லை. பார்த்தேன் கண்ணு, பார்த்துவிட்டு மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்தேன். அத்தனை பேர் முன்னால் சிரிக்கிற மனிதரிடம் என்னத்தைச் சொல்வது என்று இருந்துவிட்டேன்.

பிறகு ஆடி மாதம் குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தையில் நடந்தது உனக்குத் தெரியும், தெரியாதது இவ்வளவுதான், அன்று காலையிலிருந்தே அவர் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். "தின்ன போண்டா அப்படியே நிக்குதுங்க, தாடை எல்லாம் இழுக்குது" என்றார், நானே சோடா வாங்கிக் கொடுத்தேன். ஒரு பசுவுக்கு விலை பேசி முடித்துவிட்டு டெம்போ நிழலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இப்போது சொல்லப்போவதைப் பதறாமல் படி. மாப்பிள்ளையின் அண்ணன் கோவிந்தன் போன வாரம் தோட்டத்தில் மூட்டை தூக்கும்போது வேர்த்துக் கொட்டி உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் பார்த்தால் இரண்டு இடத்தில் அடைப்பு, அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள், இப்போது பரவாயில்லை. முப்பத்தெட்டு வயதுதான். அவனுக்கும் மொத்தக் கொழுப்பு அதிகமில்லை, அந்த வரியில் மட்டும் இருபத்தாறு. சம்பந்தியின் ரிப்போர்ட்டையும் கொண்டுபோய்க் காட்டினேன். டாக்டரம்மா ரொம்ப நேரம் பார்த்தார். ரத்தக் குழாயில் சேருகிற கொழுப்பை எடுத்துக் கல்லீரலுக்குக் கொண்டுபோவது ஹெச்.டி.எல் என்ற இந்த நல்ல கொழுப்புதான், ஆம்பிளைக்கு நாற்பதுக்குக் கீழே போனால் காவல் குறைந்துவிட்டது என்று அர்த்தம் என்றார். எனக்கு எங்கள் மெஷின்தான் ஞாபகம் வந்தது, இரும்புச் சீவலை அவ்வப்போது அள்ளாவிட்டால் மெஷின் சத்தமே மாறாமல் ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று ஒருநாள் சிக்கி நிற்கும். "இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்லமாட்டேன், பீடியும் இருக்கு, எண்ணெய்ப் பலகாரமும் இருக்கு, உங்க சம்பந்தி வீட்டு ரத்தத்துலயே இது ஓடற மாதிரி இருக்கு. இன்னொரு பிள்ளை எங்க இருக்கார்?" என்று கேட்டார். ஜெர்மனியில் என்றேன். "உடனே பார்க்கச் சொல்லுங்க" என்றார்.

காரியத்துக்கு வந்திருந்தபோது மாப்பிள்ளை மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்று அடுத்தடுத்து சிகரெட் பிடித்ததைப் பார்த்தேன். அதுகூடப் பரவாயில்லை, நீங்கள் கிளம்பிய அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கியவர் பாதியில் நின்று நெஞ்சைத் தேய்த்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். அதனால் கடிதம் கிடைத்த அன்றே கூட்டிக்கொண்டு போ. அப்பாவும் அண்ணனும் இப்படி ஆனதை டாக்டரிடம் முதலிலேயே சொல், ரத்தத்தோடு இருதயத்தையும் பார்க்கச் சொல். நெஞ்சோ தாடையோ இடது கையோ வலித்தால் ராத்திரி பகல் பார்க்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடு, சோடா குடித்துப் பார்க்கலாம் என்று இருக்காதே. சிகரெட்டை விட வேண்டும், தினமும் எவ்வளவு நடக்கலாம் என்று டாக்டரைக் கேட்டு நடக்க வேண்டும், அந்த நல்ல கொழுப்பை மாத்திரை போட்டு ஏற்றிவிட்டால் தீர்ந்தது என்று இல்லையாம். கோபித்துக்கொண்டால் அப்பா சொன்னார் என்று என் பேரைச் சொல், என்னை என்ன வேண்டுமானாலும் பேசட்டும்.

பாப்பாவுக்கு எங்கள் முத்தம். மூன்று பேரும் நூறு வயது நோயில்லாமல் வாழ வேண்டும். கோவிந்தன் விஷயம் உன் மாமியாருக்கு இன்னும் தெரியாது, உரம் எடுக்க வெளியூர் போயிருக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறோம். நேற்று அவர் என்னைப் பார்த்து, "சின்னவன் போன்ல பேசறப்ப மூச்சு வாங்குதுங்க, நல்லாத்தானே இருக்கான்?" என்று கேட்டார். நீ ஆஸ்பத்திரியிலிருந்து பேசிய பிறகுதான் அவருக்கு நான் பதில் சொல்ல முடியும்.

உன் அப்பா,
திருமலை