உன் முகத்தின் கீழே ஓடி முடித்த பத்துக் கிலோமீற்றர்

இன்று காலை குடையைத் தேடி அலுமாரியின் கீழ்த்தட்டைக் கிளறியபோது ஒரு பொலித்தீன் பை தட்டுப்பட்டது. முடிச்சை அவிழ்த்ததும் வெக்கையில் இளகிய றப்பர் வாடை முகத்தில் அடித்தது. உள்ளே அந்த மஞ்சள் ரீசேட். நான்காக மடித்து வைத்ததில், மார்பில் அச்சடித்திருந்த உன் முகம் தன்னோடு தானே ஒட்டிப்போயிருந்தது. மெல்லப் பிரித்துப் பார்த்தேன். உன் நெற்றியும் ஒரு கன்னமும் தோல் உரிவதுபோல உரிந்து மறுபக்கத்தோடு போய்விட்டன. குடையை எடுக்காமலே வளவுக்குள் போய் நின்றேன்.

நீ போன பிறகு உன் பெயரால் நடந்ததை யாராவது உனக்குச் சொல்லத்தான் வேண்டும். நான்தான் சொல்ல வேண்டும். உன் படத்தைக் கொடுத்தவள் நான்.

இருபது வருடங்கள் ஒரே தபால் கந்தோரில் பக்கத்துப் பக்கத்து கவுண்டர்களில் இருந்தோம். உனக்கு முத்திரையும் பதிவுத் தபாலும், எனக்குப் பொதிகள். நாற்பது தாண்டிய பிறகு ஒருநாள் கந்தோருக்குப் பரிசோதனைக்கு வந்த டொக்டர், இரண்டு பேருக்கும் பிரஷர் கூட என்று எழுதித் தந்துவிட்டுப் போனார். அடுத்த கிழமையே நீ இரண்டு சோடி ஆண்கள் சப்பாத்தோடு வந்தாய். "பொம்பிளையளின்ர சப்பாத்து முழுக்க ரோசா நிறம். அதைப் போட்டு ஓடினா நோயாளியள் மாதிரித்தான் இருப்பம்," என்றாய்.

உள்துறைமுக வீதியில் விடியப்புறம் ஓடத் தொடங்கினோம். ஓட்டம் என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். முதல்நாளே வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்து, "என்ன, இண்டைக்கு ரெண்டு பார்சல் தானா ஓடுது," என்றார். நான் அவமானத்தில் நின்றுவிட்டேன். நீ நிற்கக்கூட இல்லை. "முத்திரை ஒட்டியாச்சு அண்ணை, இனி நிக்கேலாது," என்று சொல்லிக்கொண்டே போனாய். அவர் வலையை விட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு நாங்கள் பிந்தி வரும் நாட்களில், "பார்சல் சுணங்கிப்போச்சு," என்று அவரே குரல் கொடுப்பார்.

உனக்குப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கியபோது வெளி மாவட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. லீவு போட்டுக்கொண்டு நானும் கூட வருவேன். மூன்றாம் தடவை திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ சத்தி எடுத்த பை கிழிந்துவிட்டது. முன் சீட்டில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போனார். கொண்டக்டர் வந்து, "அக்கா, இதில இறங்கி அடுத்த பஸ்ஸில வாங்கோவன்," என்றார்.

"இறங்கமாட்டன். இது என்ர சீட்," என்று நீ சொன்னாய். அதன்பிறகு திருகோணமலை வரும்வரை கண்ணாடியில் தலையைச் சாய்த்து அழுதாய். நான் என் சேலைத் தலைப்பால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வார்டுக்குப் பழங்கள் கொண்டுவந்த ஒரு அம்மா உன் கையைப் பிடித்து, "சிரிச்ச முகமா இருங்கோ பிள்ளை, பாதி வருத்தம் போயிடும்," என்றார். "அப்ப மற்றப் பாதிக்கு நீங்கள் சிரியுங்கோ," என்றாய் நீ. அவர் போனதும் என்னிடம் இரண்டு விஷயம் சொன்னாய். ஒன்று, "எடி, ஒரு வான் இருந்தாக் காணும். சனத்துக்கு முன்னால சத்தி எடுக்காமல் போய் வரலாம்." மற்றது, "நான் செத்தாப் பிறகு என்னை நல்லவள் ஆக்கிப்போடாதை. இந்த மொட்டைத் தலையையும் ஒருத்தருக்கும் காட்டாதை."

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாய். நான் முதலாவதை நிறைவேற்றுவதற்காக இரண்டாவதை விற்றேன்.

நீ போன அடுத்த வருடம், பாலையூற்றுக்கு அப்பால் குடாவைப் பார்த்தபடி ஒரு கேளிக்கைப் பூங்கா திறந்தார்கள். தண்ணீர்ச் சறுக்கல்கள், இராட்டினம், பிளாஸ்ரிக்கில் செய்த ஒரு பெரிய நீல யானை. அதன் முகாமையாளர் ஒருநாள் கந்தோருக்கு என்னைத் தேடி வந்தார். நோயாளிகளுக்கு உதவ, நீ போன பிறகு நான் சிலரோடு சேர்ந்து தொடங்கிய சின்னக் குழுவைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓட்டத் திருவிழா வைப்போம், சனிக்கிழமை பிள்ளைகளுக்கு மாறுவேட ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களுக்குப் பத்துக் கிலோமீற்றர், சேருகிற காசில் நோயாளிகளுக்கு ஒரு வான் எடுத்துத் தருகிறோம் என்றார். வான் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வேறொன்றும் காதில் விழவில்லை.

"ஆனா மிஸ், எங்களுக்கு ஒரு முகம் வேணும். சும்மா புற்றுநோய் எண்டு சொன்னா ஆக்கள் வரமாட்டினம்," என்றார்.

உன் கணவரிடம் கேட்டேன். "உங்களுக்குச் சரியெண்டா எனக்கும் சரி," என்றார். அவரிடம் நான் முழுக் கதையையும் சொல்லவில்லை. போனில் இருந்த இரண்டு படங்களை முகாமையாளருக்கு அனுப்பினேன். ஒன்று தலைமயிரோடு, சேலை கட்டியது. மற்றதை ஏன் அனுப்பினேன் என்று இன்றுவரை என்னையே கேட்கிறேன். வார்டில் நான் என்மேல் தேத்தண்ணியைக் கொட்டிக்கொண்டபோது நீ என்னை நக்கலடித்துச் சிரித்த படம் அது. மொட்டைத் தலை, பல் முழுக்கத் தெரிகிற சிரிப்பு. "இதுதான் மிஸ் சனத்தைத் தொடும்," என்று உடனே பதில் வந்தது. வேண்டாம் என்று எழுதத் தொடங்கி, அழித்துவிட்டு, நல்லது என்று அனுப்பினேன்.

சனிக்கிழமை காலையே பூங்காவுக்குப் போய்விட்டேன். ஒலிபெருக்கியில் குத்துப்பாட்டு. நீல யானை வேடம் போட்ட ஒருவர் எங்கள் நோயாளிகளின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரிந்தார். பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். மூதூரிலிருந்து வந்த ஒரு தாத்தா வெயிலில் கதிரை இல்லாமல் நின்றார். கதிரைகள் அனுசரணையாளர்களுக்காம். பிறகு ஒவ்வொருவரின் கழுத்திலும் ஒரு மினுங்கல் பட்டியைப் போட்டார்கள். அதில் பெரிதாக, 'போராளி' என்று அடித்திருந்தது.

சல்லிக் கிராமத்திலிருந்து வந்த ரஞ்சி அக்கா கருவாடு காயப்போட்டு விற்பவர். பட்டியைத் திருப்பி வாசித்துவிட்டுக் கழற்றினார். "தம்பி, இந்தச் சொல்லைக் கழுத்தில போட்டுக்கொண்டு நான் வீட்ட போகேலாது," என்றார்.

கொழும்பிலிருந்து வந்திருந்த அறிவிப்பாளருக்கு விளங்கவில்லை. "நோயோட போராடுறீங்கதானே அம்மா, பெருமைதானே," என்றார்.

"இந்தச் சொல்லுக்காக என்ர தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள்," என்றார் ரஞ்சி அக்கா. குரலை உயர்த்தவில்லை. அறிவிப்பாளர் சிரித்த முகம் மாறாமல் யாருக்கோ கைகாட்டினார். கொஞ்ச நேரத்தில் ஒரு ஒட்டுநாடாவைக் கொண்டுவந்து எல்லாப் பட்டியிலும் அந்தச் சொல்லை மறைத்து, மேலே பேனையால் 'வீரர்' என்று எழுதினார்கள். மன்னிப்பு என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த பாட்டுப் போட்டார்கள்.

ஞாயிறு காலை நானும் ஓடினேன். பூங்காவில் தொடங்கிக் குடாவோரமாக நகரத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். எனக்கு முன்னால் ஓடிய நூற்றுக்கணக்கான முதுகுகளிலும் அனுசரணைக் கடைகளின் பெயர்கள். எதிரே திரும்பி வந்தவர்களின் மார்புகளில் நீ. வியர்வையில் உன் முகம் நனைந்து ஒட்டி, ஒருவரின் வயிற்றோடு சேர்ந்து குலுங்கியது. தண்ணீர் குடித்த பிளாஸ்ரிக் கோப்பைகளைப் போகிற போக்கில் எறிந்தார்கள். காற்று அவற்றை அள்ளிக் கடலில் போட்டது. நகரத்துக்குள் திரியும் மான்களில் ஒன்று வீதியோரம் நின்று ஒரு கோப்பையை நிதானமாகச் சப்பிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்க ஒருவரும் நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை.

கடைசிக் கிலோமீற்றர் பூங்காவுக்குள். முடிவிடத்தில் காற்றடித்த வளைவு ஒன்று. அதன் நடுவில், இரண்டு ஆள் உயரத்தில், மொட்டைத் தலையோடு நீ. கீழே எழுதியிருந்தார்கள்: 'சிரித்துக்கொண்டே வென்றவர்.' நீ வெல்லவில்லை. சிரித்துக்கொண்டும் போகவில்லை. கடைசிக் கிழமை முழுக்கப் பயந்தாய், எல்லாரையும் ஏசினாய், சூப்புக் கோப்பையைச் சுவரில் எறிந்தாய். அவ்வளவையும் அழித்துவிட்டு என்னை நக்கலடித்த ஒரு சிரிப்பை மட்டும் எடுத்துக் காற்றடித்து நிறுத்தியிருந்தார்கள்.

வளைவுக்குப் பக்கத்து மேடையில் ரஞ்சி அக்காவை ஏற்றியிருந்தார்கள். அறிவிப்பாளரின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "அம்மா, அந்தத் தலைத்துணியை ஒருக்கா எடுத்துக் காட்டுங்க. எதுக்கு வெட்கம்? எல்லாரும் கைதட்டுவாங்க."

ரஞ்சி அக்கா தலையை ஆட்டி மறுத்தார். சனம் கைதட்டத் தொடங்கியது, தாளத்தோடு. அவர் முகாமையாளரைப் பார்த்தார். பிறகு முடிச்சில் கைவைத்தார். எடுக்கப்போகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. மேடைக்கு நான் நேரே ஓடியிருக்கலாம். இடையில் ஒரு கயிறுதான் இருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓட்டத்தை முடித்தேன். முன்னால் கமரா நின்றது. உன் தாடைக்குக் கீழே இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு கோட்டைத் தாண்டினேன். அதன் பிறகுதான் மேடைக்குப் போனேன். அதற்குள் துணி அவரின் மடியில் கிடந்தது. வெளிறிய தலையில் வெயில் பட்டது. இராட்டினத்தில் இருந்தவர்கள்கூடப் போனில் படம் எடுத்தார்கள்.

துணியை எடுத்து அவர் தலையில் போட்டு, கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தேன். "என்ன ஒரு நெகிழ்ச்சியான காட்சி," என்றார் அறிவிப்பாளர். அதற்கும் கைதட்டினார்கள். எனக்கு ஆகப் பெரிய அருவருப்பு அதுதான். வெட்கித் தலைகுனிந்து ஒருத்தியை இழுத்துக்கொண்டு போனதையும் நிகழ்ச்சியில் ஒரு பகுதியாக்கிவிட்டார்கள்.

கழிப்பறைக்குப் பக்கத்து நிழலில் இருத்தினேன். "ஏனக்கா எடுத்தனீங்கள்? ஏலாது எண்டு சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"எடுக்காட்டி வானைத் தராமல் விட்டிருவினமோ எண்டு நினைச்சனான்," என்றார். பிறகு என் மார்பைப் பார்த்து, "இந்தப் பிள்ளையும் அப்பிடித்தான் எடுத்ததோ?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். நான் எடுத்துக் கொடுத்தேன் என்றேன். அவர் என்னை ஏசவில்லை. கையை மட்டும் விடுவித்துக்கொண்டார்.

வெளியே வரும்போது, மிச்சமான ரீசேட்டுகளால் சறுக்கலின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் குற்றமில்லை. துடைக்கச் சொல்லிக் கொடுத்த துணியால் துடைத்தார்கள்.

அன்று பின்னேரமே உன் கணவரிடம் போய் எல்லாம் சொன்னேன், நீ ஆஸ்பத்திரியில் சொன்னதையும் சேர்த்து. முழுவதையும் அவர் குசினி வாசலில் நின்றே கேட்டார். "அவ உங்களை நம்பித்தான் சொல்லியிருக்கிறா," என்றார் கடைசியில். தேத்தண்ணி தந்தார், குடித்தேன். இப்போதும் பண்டிகைக்குப் பலகாரம் அனுப்புகிறார். ஆனால் என்னை வாசலில் கண்டால் முன்போல முகம் மலர்வதில்லை.

வான் வந்தது. இரண்டு பக்கமும் நீல யானை. பின்கண்ணாடி முழுக்க உன் முகம். அதை மட்டும் நானும் உன் கணவருமாகச் சுடுதண்ணி ஊற்றிச் சுரண்டி எடுத்தோம். முகாமையாளர் போன் எடுத்துக் கத்தினார். கத்தி முடியும்வரை கேட்டுவிட்டு வைத்தேன். இந்த வருடமும் ஓட்டம் வைக்கிறார்களாம். எங்கள் குழுவைக் கேட்டார்கள். எங்கள் ஆட்கள் ஒருவரும் மேடைக்கு வரமாட்டார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அப்படியென்றால் வேறு நோயைப் பார்க்கிறோம் என்று பதில் வந்தது. பார்க்கட்டும்.

நான் இப்போது ஓடுவதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் வானோடு போகிறேன். ரஞ்சி அக்காவும் வருகிறார். யானைப் படத்தைப் பார்க்கவே வெறுப்பாக இருக்கிறது என்று நான் சொன்னபோது, "ஆனை கிடந்திட்டுப் போகட்டும். சத்தி எடுக்க இடமிருக்கு," என்றார். அன்றைக்குத்தான் என்னோடு மறுபடி சரியாகக் கதைத்தார்.

போன கிழமை திரும்பி வரும் வழியில் அவருக்கு மிகவும் ஏலாமல் போய்விட்டது. பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். வாயைத் துடைத்ததும் அவர் கடவுளை, டொக்டரை, புருஷனை, ரோட்டுப் பள்ளத்தை எல்லாம் வரிசையாக ஏசத் தொடங்கினார். புதிதாக வந்த ஒரு பெண் பயந்துபோய், "அக்கா, தைரியமா இருங்கோ," என்றாள்.

"தைரியமா இருக்க வேண்டியதில்லை. நீங்கள் ஏசுங்கோ அக்கா," என்றேன் நான்.

அவர் மொறவெவ தாண்டும்வரை ஏசினார். பிறகு அந்தப் புதுப்பெண்ணும் மெல்லிய குரலில் தன் பங்குக்குத் தொடங்கினாள். சாரதி கண்ணாடிகளை ஏற்றிவிட்டார், வெளியே கேட்காமல் இருக்க.