சவுக்குத் தோப்பில் கோடு போட்ட வீடு

மாப்ளே,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேற்றுத் திருவொற்றியூரில், சுவரே இல்லாத ஒரு வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நுழைந்தேன். யாரோ வீடு கட்ட மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். குறுக்கே நடந்தால் பத்து எட்டில் பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். நானோ வாசலுக்கு விட்ட இடைவெளியைத் தேடிச் சுற்றிப் போனேன். கொத்தனார்கள் சிரித்தார்கள். பஸ் போய்விட்டது. ஈரச் சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றுவிட்டாய், நான் என்ன செய்ய?

ராயபுரத்தில் சரக்குப் படகு கட்டுகிற தச்சர்கள் நாம். என் தங்கையைக் கட்டிக்கொண்ட பிறகும் நீ எனக்கு முதலில் கூட்டாளி, அப்புறம்தான் மாப்பிள்ளை. உலகச் சண்டை முடிந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். நம் ஷெட் முதலாளிக்குக் காட்டுப்பள்ளிச் சவுக்குத் தோப்பில், சனி ஞாயிறு போய்த் தங்க ஒரு வீடு வேண்டியிருந்தது. புது மோஸ்தராக வேண்டும், தூண் கீண் கூடாது, கண்ணாடி நிறைய வேண்டும். ஒரு எஞ்சினீயர் நீலக் காகிதத்தில் பிளான் போட்டுக் கொடுத்தார். அதன்படி கட்டினால் நாற்பது மரம் போகும். யாரும் கேட்காமலே நீ வாயைத் திறந்தாய்.

"மொதலாளி, ஒரு மரம் வெட்டாம நான் கட்டிக் காட்றேன்."

இருபது வருஷமாக அடுத்தவன் காட்டிய இடத்தில் ஆணி அடித்தவன் நீ. முதலாளி சிரித்தார். "ஞாயித்துக்கிழமை தோப்புக்கே பிளானோட வா. புடிக்கலேன்னா திங்கக்கிழமை கோடாலி வரும்."

காகிதத்தில் வரைய நமக்கு எங்கே தெரியும்? நான் மூன்றாம் வகுப்பு. நீ பள்ளிக்கூடம் இருந்த தெருவுக்கே போகாதவன். ஆனால் படகுக்கு ஏது காகிதம்? ஷெட் தரையில் முழு அளவுக்குக் கோடு போட்டு, அதன்மேல் பலகையை வைத்துத்தானே வெட்டுவோம். "வூட்டுக்கும் அதான். நடந்து பாத்தா தெரிஞ்சிப்பூடும்" என்றாய்.

சனிக்கிழமை விடிந்ததும் படகில் எண்ணூர் உப்பங்கழியைத் தாண்டினோம். நீ மரம் மரமாகத் தொட்டுப் பார்த்து, நடுவே வளைந்து வளைந்து வீட்டைக் கொண்டுபோனாய். ஈர மணலில் கீறி, கீறலில் சிப்பிச் சுண்ணாம்பைக் கொட்டினோம். கழியைப் பார்த்து ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. நான் ஒவ்வோர் அறையிலும் படுத்துப் புரண்டேன். நம் இரண்டு பரம்பரையிலும் அவ்வளவு பெரிய அறையில் யாரும் புரண்டதில்லை. காற்று அடித்தால் மணல் பறந்து கோட்டை மூடும். வாளியோடு ஓடி ஓடி நனைத்தோம்.

சோறு கொண்டுவந்த என் தங்கை நேராக நடந்து வந்தாள்.

"அடியே, சொவுத்து மேல நடக்கிறியே! வாசல் அங்க கீது!" என்று கத்தினாய்.

"அய்யே, தொர வூடு பாரு!" என்றாலும், சட்டியோடு சுற்றிக்கொண்டு வாசல் வழியாகத்தான் வந்தாள். "அடுப்பங்கரை எங்க?"

பின்பக்க மூலையைக் காட்டினாய். போய் நின்று பார்த்தாள். "அவுங்கல்லாம் தண்ணியப் பாத்துகினு குந்தினிருப்பாங்க. இங்க நிக்கிறவ இன்னா பாப்பா, பொகையவா? ஏண்ணே, உனுக்காவது புத்தி வாணாம்?"

எனக்கு இருந்திருந்தால் உனக்கு ஏன் பெண் கொடுக்கிறேன்? நீ பாதி வீட்டைக் காலால் அழித்தாய். அடுப்பு கண்ணாடிப் பக்கம் வந்தது.

ஞாயிறு காலை முதலாளி மனைவியோடு வந்து இறங்கினார். "பிளான் எங்கப்பா?"

"அதுலதான் நின்னுகினு கீறீங்க மொதலாளி. கூடத்துல."

அவர் முகம் கறுத்தது. "மண்ணைக் கெளறி வெச்சிட்டுப் பிளானாம்!" என்று படகுப் பக்கம் திரும்பினார். நீ பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டாய். நான் ஒரு கேலிகூடச் செய்யாமல் நின்றது அன்று ஒரு நாள்தான். முதலாளியம்மா மட்டும் வாசல் வழியாக நுழைந்து, அறை அறையாக நடந்து, அடுப்பிடத்தில் போய் நின்றார். நகரவே இல்லை.

"சமையக்காரருக்கு வேற எடம் பாருங்க," என்றார். "இது எனக்கு."

முதலாளியும் போய்ப் பக்கத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தார். "கோடாலி வேணாம். இதையே கட்டு."

ஒரு மரம் வெட்டாமல் கட்டினாய். அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சலில் உன்னை மூலக்கொத்தளம் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்தோம். இன்றைக்கும் நான் எதைச் செய்தாலும், அதில் நிற்கப் போகிறவர்களைக் கூப்பிட்டு, முதலில் கோட்டுக்குள் நிற்கவைத்துக் கேட்கிறேன். கோழிக்கூண்டுக்குக் கோழியையும் கேட்டேன். அது ஓடிவிட்டது.

ஒன்றை மட்டும் வெளியே சொல்லாதே என்று அன்று என் வாயைப் பொத்தினாய். இப்போது பொத்த உன் கை இல்லை, சொல்லிவிடுகிறேன். கட்டச் சொன்ன சந்தோஷத்தில் முதலாளி கூடத்துக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு, காலை ஒயிலாக மடக்கி, சுவரில் சாய்ந்தார். அந்தச் சுவரை அப்புறம் தை மாதம்தான் கட்டினோம்.