குஞ்சு சாப்பிட்டதா என்று கேட்ட அம்மாவுக்கு

போனை எடுத்ததும் ‘அம்முணி’ என்று உருகுகிற என் அம்மாவுக்கு,

குன்னூரில் விடாத மழை. கரண்ட் போய்விட்டது. அப்பா மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டே மெழுகுவர்த்தியைத் தேடுகிறார். நீ எங்கே வைத்தாய் என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

உன் வருஷத் திவசம் போன வாரம் முடிந்தது. பொள்ளாச்சியிலிருந்து பெரியம்மா வந்து எல்லாவற்றையும் முறையாகச் செய்தாள். இலையில் உனக்குப் பிடித்த பச்சைப்பயறு கடைசலும் வைத்தோம். மறுநாள் காலையில் நான் ஒரு வேலை செய்தேன். அப்பா பால் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, மறுபடியும் அந்தத் தீவுக்கு வருவதாக மெயில் அனுப்பினேன். நீ போய் ஒரு வருஷம் ஆன கையோடு, அப்பாவைக் கேட்காமல், திருடியைப் போல.

அக்கம்பக்கத்தில் நீ என் வேலையைச் சொன்ன விதம் ஞாபகம் இருக்கிறதா? “என்ற புள்ள ஆப்பிரிக்காவுல கோழியாட்டம் ஒரு பறவையப் பாத்துக்கறா.” அல்பட்ராஸை அப்படிச் சொன்னவள் உலகத்தில் நீ ஒருத்திதான். சிறகை விரித்தால் நம் நடுவறை போதாது அம்மா. தென்னாப்பிரிக்காவிலிருந்து தெற்கே பல நாள் கப்பலில் போனால் வருகிற தீவு அது. வருஷத்துக்கு ஒரே ஒரு கப்பல். அதில் போய் இறங்கினால் அடுத்த வருஷக் கப்பலில்தான் திரும்ப முடியும்.

அந்தக் காலத்துக் கப்பல்களில் ஒட்டிக்கொண்டு போன சுண்டெலிகள் அங்கே பெருகிக் கிடக்கின்றன. கூட்டில் உட்கார்ந்திருக்கும் குஞ்சை உயிரோடு கடித்துத் தின்கின்றன. குஞ்சுக்கு எழுந்து ஓடத் தெரியாது, எலியைக் கண்டு பயப்படவும் தெரியாது. கூடு கூடாகப் போய்ப் பார்ப்பதும், காலில் வளையம் மாட்டுவதும், கேமரா வைப்பதும்தான் எங்கள் வேலை. எலிகளை ஒழிக்க என்ன வேண்டும் என்று சொல்ல அந்தக் கணக்கெல்லாம் தேவை.

கப்பல் ஏறுமுன் சட்டைப் பையைக்கூட உதறிப் பார்ப்பார்கள், வெளியூர் விதை ஒன்றுகூடத் தீவுக்குப் போகக் கூடாதென்று. என் ஜாக்கெட்டின் உள்பையிலிருந்து மாரியம்மன் கோயில் செண்டுமல்லி உதிர்ந்தது. நீ எனக்குத் தெரியாமல் வைத்தது. ஒரு பூவுக்குள் அத்தனை விதையா என்று சோதனை செய்த பெண் வாயைப் பிளந்தாள். போனில் சொன்னபோது, “சாமி பூவ எடுத்துப் போட்டுட்டு அப்பிடி என்னத்தக் காப்பாத்தறாங்களோ!” என்று வெடித்தாய். அப்புறம் நீயே சிரித்தாய்.

தீவிலிருந்து வாரம் ஒருமுறை சாட்டிலைட் போனில் பேசினோம். முகாமுக்குப் பக்கத்துக் கூட்டில் இருந்த ஒரு குஞ்சின் மேல் உனக்கு ஏனோ பைத்தியம். “அந்தக் குஞ்சுக்கு அம்மா வந்துச்சா? என்ன குடுத்துச்சு? சாப்டுச்சா?” நானும் வாய் வலிக்கச் சொல்வேன். தாயும் தகப்பனும் கடலில் மாறி மாறித் திரிந்து கணவாய் பிடித்து வருவதை, குஞ்சின் வாயில் கக்கி ஊட்டுவதை, சில வாரம் யாரும் வராமல் குஞ்சு காத்துக் கிடப்பதை. நீ ‘உம்’ கொட்டுவாய். குரல் கம்மியிருக்கும். “சளி கண்ணு, ஊட்டில பனி” என்பாய். நம் வீடு குன்னூரில் இருக்கிறது அம்மா. அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

நீ போய்விட்டாய் என்று தீவுக்குப் போன் மட்டும்தான் வந்தது. கப்பலில் திரும்பி வந்த பிறகுதான் மீதியை அப்பா சொன்னார். “அவளுக்குத் தொண்டைல கஞ்சி கூட எறங்கல அம்முணி. கோயமுத்தூர்ல டாக்டர் கைய விரிச்சுட்டாரு. உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா. கப்பலே இல்லாத ஊருல கெடந்து புள்ள அழுதா தேத்தறதுக்கு யாரு இருக்கறான்னு கேட்டா.”

வழியில் பார்க்கிறவரைக்கூடச் ‘சாப்டீங்களா’ என்று கேட்கிற ஊரில் பிறந்தவள் நான். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவளைக் கேட்கிறேன். அத்தனை வாரமும் ஒரு பறவைக் குஞ்சு தின்றதையே உன்னிடம் அளந்துகொண்டிருந்தேன், நீ சாப்பிட்டாயா என்று ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பாய். ஆனாலும் கேட்டிருக்கலாம். கேட்க விடக் கூடாதென்றுதான் குஞ்சையே விசாரித்துக்கொண்டிருந்தாயா? இல்லை, நிஜமாகவே அதன் மேல் ஆசையா?

அது பறந்துவிட்டது. நீ போன பிறகு, டிசம்பரில். எதிர்காற்றில் நின்று சிறகை அடித்துப் பார்த்தது, ரெண்டு தடவை குப்புற விழுந்தது, பிறகு கடல் பக்கம் போயே போய்விட்டது. நான் கத்திக்கொண்டு உன்னிடம் சொல்லப் போனை நோக்கி ஓடினேன். பாதி வழியில்தான் நீ இல்லை என்று உறைத்தது. அவ்வளவு நேரம் உன்னை மறந்து சந்தோஷமாக இருந்திருக்கிறேன் அம்மா.

முந்தாநாள் ராத்திரி சாப்பாட்டின்போது அப்பாவிடம் மெயில் விஷயத்தைச் சொன்னேன். தோசையைப் பிட்டபடியே, “எத்தன நாளைக்கு?” என்றார்.

“ஒரு வருஷமுங்கப்பா.”

கை கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்து நின்றுகொண்டே சொன்னார்: “போகாத அம்முணி. பெருமையா அனுப்பி வெக்கோணும்னுதான் நெனைக்கறேன், முடியல. தனியா இருக்கறதுக்குப் பயமா இருக்குது.”

எனக்கு முதலில் வந்தது கோபம். அப்பா நடுங்கி நிற்கிறார், என் புத்தி கப்பலுக்குப் போகிறது. அந்தக் கோபத்துக்காகவே என்னை நீ நாலு சாத்து சாத்தலாம். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார்.

தீவுக்கு நான் வரவில்லை என்று நேற்றுக் காலையில் மெயில் எழுதிவிட்டேன். தீவிலிருந்து வரும் கேமராப் படங்களை இங்கிருந்தே பிரித்துக் கொடுக்கும் வேலை தருகிறார்கள். கூடுகளைப் பார்க்க வேறொருத்தி போவாள். நினைத்தால் வயிறு எரிகிறது, உன்னிடம் மறைப்பானேன்? அப்பா அதைக் கண்டுபிடித்துவிடுவாரோ என்றுதான் பயம். நேற்றிலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். “நான் சொன்னது தப்போ?” என்று ரெண்டு தடவை கேட்டுவிட்டார்.

உன் மேல் சத்தியமாகச் சொல்கிறேன். வாய் திறந்து கேட்டதற்காக அப்பாவை நான் வருத்தப்பட விடமாட்டேன். நான் ஏறாமல் விட்ட கப்பலை நினைத்து அவர் முன்னால் ஒரு பெருமூச்சுகூட விடமாட்டேன். நம் வீட்டில் பயமாக இருக்கிறது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். நீயும் சொல்லியிருக்கலாம் அம்மா. கப்பல் இல்லாவிட்டால் என்ன, போனிலாவது உன்னோடு சேர்ந்து பயந்திருப்பேன்.

உன் ஒரே பொண்ணு,
அம்முணி